தாங்கி நிறுத்துவது அழைப்பா, அன்றாட ஒழுங்கா? – அன்றாட ஒழுங்கே!

நடுவர் அய்யாவுக்கும், மார்கழிக் குளிர்ல துண்டைப் போத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஈரோட்டு ஜனங்களுக்கும் வணக்கமுங்க.

கடல் கடந்து ஊழியத்துக்குப் போற இளைஞரைத் தாங்கி நிறுத்துறது உள்ளத்துல கேட்ட கடவுளோட அழைப்பா, அன்றாட ஒழுங்கான்னு தலைப்பு குடுத்திருக்கீங்க. எனக்கு முன்னால பேசின தம்பி, அழைப்புதான்னு அடிச்சுப் பேசிட்டுப் போனார். கைதட்டல் நல்லா விழுந்துச்சு, நானே ரெண்டு தட்டு தட்டினேன். ஆனா தம்பி, நீங்க சொன்ன கதையெல்லாம் ஆள் கப்பல் ஏறுற இடத்துலயே முடிஞ்சு போச்சே! ஜெர்மன் பாதிரியார் ஜீகன்பால்குக்கு அழைப்பு வந்துச்சு, ஏறினார். தெரசாவுக்கு அழைப்பு வந்துச்சு, கிளம்பினார். சரி, எறங்கின மறுநாள் காலைல எந்திரிச்சு என்ன பண்ணினாங்க? அதைச் சொல்லாமயே உட்கார்ந்துட்டீங்களே!

ஜீகன்பால்கையே எடுத்துக்குவோம். 1706 ஜூலையில தரங்கம்பாடியில கால் வைக்கறப்ப வயசு 24-ஐத் தொடப் போற நேரம். டென்மார்க் ராஜா அனுப்பின ஆளுதான், ஆனா அங்கிருந்த டேனிஷ் அதிகாரிக்கே இவரைக் கண்டா ஆகாது. பின்னால ஜெயில்லயே போட்டார். தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிள்ளைங்களோட தன் வீட்டுக்கே வரவழைச்சு, அதுகளோட தரையில உட்கார்ந்து மணல்ல விரலை வச்சு எழுதிப் பழகினார். அப்புறம் தன் நாளை எப்படிப் பங்கு போட்டார்ங்கறதை அவரே எழுதி வச்சிருக்கார். காலை 7-லிருந்து 8 வரைக்கும் முந்திப் படிச்ச சொல்லையெல்லாம் திருப்பிப் பார்க்கிறது. 8-லிருந்து 12 வரைக்கும் தமிழ்ச் சுவடிதான். பக்கத்துல ஒரு புலவர், ஒரு எழுத்தர். சோத்துல கை வைக்கறப்பவும் ஒருத்தர் வாசிக்கணும், இவர் கேட்டுக்கிட்டே சாப்பிடணும். வெயில் ஏறினா செத்த நேரம் படுக்கை. சாயங்காலம் மறுபடி சுவடி. இப்படி உட்கார்ந்துதான் 1715-க்குள்ள புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சுல கொண்டாந்தார். ராஜாவோட உத்தரவு தரங்கம்பாடி வரைக்கும் கொண்டாந்து விட்டுச்சு. சுவடி படிச்சது அந்த 8-லிருந்து 12 மணி.

நம்ம ஊரையே பார்ப்போமே. ஈரோட்டுல இருந்து ஊழியம் பண்ணின பாப்லி துரை, கர்நாடக சங்கீதத்தை முறையாக் கத்துக்கிட்டு, இந்திய இசையைப் பத்தி 1921-ல ஆங்கிலத்துல நூலே போட்டார். ஏனுங்க அய்யா, தினம் சாதகம் பண்ணாம சங்கீதம் வருமாங்க?

இந்தக் காலத்துக்கு வருவோம். மார்மன் சபைன்னு சொல்றோமே, அமெரிக்காவுல இருந்து உலகம் பூரா இளவட்டங்களை அனுப்பற சபை. அவங்க போதனை சரியா தப்பான்னு பேச நான் வரலை, அது வேற மேடை. பசங்க 18 வயசுலயே போகலாம்னு 2012-ல மாத்தினாங்க. பசங்களுக்கு ரெண்டு வருஷம், பொண்ணுங்களுக்கு ஒன்றரை வருஷம். காலை 6:30-க்கு எந்திரிக்கணும், ராத்திரி 10:30-க்கு விளக்கை அணைக்கணும். (இதைக் கேட்டு முன்வரிசையில ஒரு அம்மா பெருமூச்சு விடறாங்க. உங்க வீட்டுலயும் 18 வயசுப் பையன் இருக்கானாட்ட இருக்குது.) தனியா வெளிய போகக் கூடாது, ஜோடி போட்டுத்தான் அனுப்புவாங்க. அந்த ஜோடியை நீங்க தேர்ந்தெடுக்க முடியாது. வாரத்துல ஒரு நாள் துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்கு எழுத. வீட்டோட போன்ல பேசறது 2019 வரைக்கும் வருஷத்துக்கு ரெண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்பத்தான் வாரம் ஒரு தடவைன்னு ஆக்கியிருக்காங்க. பத்து வீட்டுக் கதவைத் தட்டி பத்தும் சாத்தின அன்னைக்கு ராத்திரி, அந்தப் பையன் மனசுல என்ன அழைப்புங்க கேட்கும்? அம்மா குரல்தான் கேட்கும். அப்ப அவனைப் பிடிச்சு நிறுத்தறது என்ன? நாளைக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டை காலரை இன்னைக்கே சோப்புப் போட்டுக் கசக்கி வைக்கிற வேலை இருக்கே, அதுதான்.

கருமத்தம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருத்தன், துறவற சபையில சேர்ந்து கென்யாவுக்குப் போனான். சாப்பாடு உகாலி, அதாவது மக்காச்சோள மாவுல கெட்டியாக் கிண்டற களி, தொட்டுக்கக் கீரை. வீட்டுல அரிசியும்பருப்பும் தின்னு வளர்ந்தவன், அதுக்குப் பழகிட்டான். அங்க சுவாஹிலிக் கணக்குல விடிஞ்சதுல இருந்து மணி எண்ணுவாங்க; நம்ம காலை ஏழு அவங்களுக்கு ஒண்ணு. ஒரு வீட்டுல மூணு மணிக்கு வரச் சொன்னாங்கன்னு மத்தியானம் மூணுக்குப் போய் நின்னிருக்கான். அவங்க காலை ஒம்பதுக்கே ஆக்கி வச்சுக் காத்திருந்திருக்காங்க, பாவம்! இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே சொன்னான். ஒண்ணை மட்டும் சிரிக்காம சொன்னான். பூமத்தியரேகைக்குப் பக்கங்கறதால வருஷம் பூரா ஆறரை ஏழுக்குள்ள இருட்டிடும். அந்த இருட்டற நேரம் வந்தா நெஞ்சு அடைக்கும், பெட்டியைக் கட்டிடலாம்னு தோணும்னான். ஆனா அதே நேரத்துலதான் விடுதிப் பசங்க பாடம் எழுத உட்காருவாங்க. இவன் போய் நிக்கணும். ஒருத்தன் பென்சில் இல்லேம்பான், ஒருத்தன் கணக்கு வரலேம்பான், ஒருத்தன் நோட்டு மேலயே தூங்குவான். ஒவ்வொருத்தனா பார்த்து முடிக்கறதுக்குள்ள அந்த நேரம் கடந்துடும், அக்கா, அப்புறம் ராத்திரி தூக்கம் வந்துடும்னான்.

பவானிசாகர் நெறைஞ்சு கிடந்தாப் போதுங்களா? கீழ்பவானி வாய்க்கால்ல நம்ம முறைக்குத் தண்ணி விட்டாத்தானே மஞ்சள் பிழைக்கும்? அணை அவசியமில்லைன்னு எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். அழைப்பு அவசியமில்லைன்னு நானும் சொல்லலை.

ஒழுங்கு மனுசனை மெஷினாக்கிடும்னு எதிரணி அம்மா ஒருத்தங்க சொன்னாங்க. ஆக்குமுங்க. சிலரை ஆக்கியும் இருக்குது. கணக்குக்குக் கதவைத் தட்டிட்டு, திறந்தவங்க முகத்தைக்கூடப் பார்க்காம போறவங்க உண்டு. ஆனா புண்ணுக்குக் கட்டு மாத்தக் காத்திருக்கிற கிழவிக்கு, வர்றவளோட மனசு இன்னைக்கு உருகுதா காயுதாங்கறது முக்கியமா? எட்டு மணிக்கு வர்றாளாங்கறது முக்கியமா? உருகின நாள்ல மட்டும் வர்றவளை வச்சுக்கிட்டு அந்தக் கிழவி என்ன பண்ணுவா?

கடைசியா தெரசா அம்மா. 1928-ல, 18 வயசுல வீட்டை விட்டுக் கிளம்பினவங்க. மறு வருஷம் ஜனவரியில கல்கத்தா. 1946 செப்டம்பர் 10, டார்ஜிலிங் ரயில்ல அழைப்புக் கேட்டுச்சுன்னு தம்பி உருக்கமாச் சொன்னீங்க. உண்மைதான். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு ஏன் சொல்லலை? அவங்க கடிதங்களெல்லாம் 2007-ல நூலா வந்துச்சே! வேலை ஆரம்பிச்ச கொஞ்ச காலத்துலயே உள்ளுக்குள்ள அந்தக் குரல் நின்னு போச்சு, ஒரே இருட்டு, ஒரே வெறுமைன்னு அவங்களே எழுதியிருக்காங்க. ஒரு வருஷம் ரெண்டு வருஷமில்லீங்க, ஏறக்குறைய அம்பது வருஷம். நம்பிக்கையை விட்டுட்டாங்கன்னு நான் சொல்லலை. கேட்காத குரலை நம்பிக்கிட்டு ஒரு மனுஷி எப்படி நடந்தாங்கன்னுதான் கேட்கறேன். அவங்க சபையில கன்னியாஸ்திரிகள் எந்திரிக்கிற நேரம் காலை 4:40. அப்புறம் ஜெபம், பூசை, வாளியைத் தூக்கிக்கிட்டு வேலைக்கு.

அடுத்துப் பேச வர்ற எதிரணித் தம்பி, இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டு உங்க உரையை ஆரம்பிங்க: குரல் கேட்காத அந்த அம்பது வருஷமும் அவங்களை விடியாலே எழுப்பினது யாருங்க?

மணி அடிச்சுட்டீங்களா அய்யா? இன்னும் ரெண்டு விசயம் கையில இருக்குது. ஆனா ஒழுங்குக் கட்சி பேச வந்தவ மணிக்கு எறங்காம நின்னா நல்லாவா இருக்கும்? வர்றேனுங்க.