ஆதார் இல்லாதவர் அவசரப் பிரிவுக்கு வந்தால்

[காட்சி: பாளையங்கோட்டைச் சாலை, இரவு. 108 ஆம்புலன்ஸ் போகிறது.]

குரல்: வணக்கம். இந்த வீடியோ நம்ம நெல்லைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில், அவசரப் பிரிவில் வேலை பார்க்கிற நர்ஸ்கள், ஹவுஸ் சர்ஜன்கள், சீட்டுப் போடுகிறவர்கள், செக்யூரிட்டி அண்ணாச்சிகள் எல்லோருக்கும்.

கங்கைகொண்டான் சிப்காட், கூடங்குளம் கட்டுமானம் என்று எங்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள். சிலரிடம் எந்த அட்டையும் இருக்காது. சிலருடைய அட்டையை காண்ட்ராக்டர் வாங்கி வைத்திருப்பார். மேற்கு வங்கத்துக்காரராகவே இருந்தாலும், வங்காளம் பேசுகிறவருக்கு 'பங்களாதேஷா?' என்ற கேள்வி பயம். உண்மையிலேயே எல்லை தாண்டி வந்தவரும் இருக்கலாம். இவர்கள் காய்ச்சல் தொடங்கிய அன்றைக்கு வர மாட்டார்கள். வலிப்பு வந்த பிறகுதான் யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள்.

[காட்சி: உச்ச நீதிமன்றக் கட்டடம்]

குரல்: சட்டம் தெளிவாகவே இருக்கிறது. உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, சட்ட நடைமுறைகள் அதற்குக் குறுக்கே வரக்கூடாது என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயிர் வாழும் உரிமை தரும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. நம் மாநிலத்தின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்துக்கான முதல் 48 மணி நேரச் சிகிச்சை பிற மாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் உண்டு.

ஆனால் சட்டம் இருப்பதாலேயே நோயாளிக்கு நம்பிக்கை வந்துவிடாது. அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்கு யார் வந்தாலும் பார்த்தாக வேண்டும் என்று 1986-லிருந்தே சட்டம் உண்டு. அது இன்றும் இருக்கிறது. ஆனாலும் 2025 ஜனவரியில், ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்வதற்கு இருந்த கட்டுப்பாட்டை அரசு நீக்கியபோது, கதவு திறந்தே இருந்தும் அங்கே குடியேறியவர்கள் பலர் உள்ளே வரப் பயந்தார்கள்.

[காட்சி: பதிவு கவுண்டர்]

குரல்: சரி, நாம் என்ன செய்வது? நினைவில்லாமல் ஒருவர் வந்தால் 'அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 30' என்று எழுதி உடனே சேர்க்கிறோம். யாரும் ஆதார் கேட்பதில்லை. நினைவோடு, பயத்தோடு வருகிறவருக்கு மட்டும் ஏன் அட்டையில் தொடங்க வேண்டும்? வலி எங்கே என்று முதலில் கேளுங்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பாருங்கள். ஊரும் பேரும் அப்புறம்.

'வடக்கன் கேஸ் ஒண்ணு வந்திருக்கு' என்று வராண்டாவில் கூவ வேண்டாம். அவருக்கு வேறு தமிழ் புரியாவிட்டாலும் அந்த வார்த்தை புரியும்.

[காட்சி: படுக்கை அருகே மேஸ்திரி நிற்கிறார்.]

குரல்: நான் ரொம்பவும் கவனிக்கச் சொல்வது இதைத்தான். சாரத்திலிருந்து விழுந்தவரிடம் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் மேஸ்திரி பதில் சொல்வார். 'பாத்ரூம்ல வழுக்கிட்டான் டாக்டர்.' நோயாளி தரையைப் பார்ப்பார். அப்போது, 'அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க, எக்ஸ்ரே எடுக்கணும்' என்று மரியாதையாகவே அனுப்பிவிடுங்கள். அவர் போன பிறகு, மொழி தெரிந்த ஊழியரையோ, நோயாளியே நம்பிச் சொல்கிற ஒருவரையோ போனில் பிடித்துத் திரும்பக் கேளுங்கள். பத்தடி உயரத்திலிருந்து விழுந்தார் என்று தெரிந்தால்தான் முதுகெலும்பையும் வயிற்றையும் அதற்கேற்ற அக்கறையோடு பார்ப்போம். இங்கே நம்பிக்கை என்பது மருத்துவத் தகவலுக்கான வழி.

[காட்சி: ஏ.ஆர். பதிவேடு]

குரல்: விபத்துப் பதிவேட்டில் அங்க அடையாளம் எழுதுவோம். ஒன்றும் சொல்லாமல் சட்டையை விலக்கி, மச்சத்தைத் தேடி, எழுதிக்கொண்டால் அவர் என்ன நினைப்பார்? பிடித்துக் கொடுக்கத்தான் குறித்துக்கொள்கிறார்கள் என்றுதான். 'காயம்பட்டு வருகிற எல்லோருக்கும் இப்படித்தான் எழுதுவோம், போலீஸ்காரர் வந்தால் காயம் எப்படிப் பட்டது என்று கேட்பார்' என முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதற்காக, 'யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டோம்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டவரை உள்நோயாளியாகச் சேர்த்தால் வெளிநாட்டவர் பதிவைக் கவனிக்கும் அரசு அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும் என்று 2025-ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் சொல்கிறது. அது நிர்வாகத்தின் வேலை. குடியுரிமையைத் துருவுவது கட்டுப் போடுகிற நர்ஸின் வேலை இல்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: 'சிகிச்சை நிற்காது. எங்கள் பதிவேட்டில் இது இருக்கும்.' பொய்யான ஆறுதல் ஒருமுறை உடைந்தால் அவர் தங்கியிருக்கும் ஷெட்டில் உள்ள அத்தனை பேரும் அடுத்த முறை வர மாட்டார்கள்.

[காட்சி: டிஸ்சார்ஜ் சீட்டு]

குரல்: அனுப்பும்போது, மறுபடி வர வேண்டிய தேதியை எண்ணில் எழுதுங்கள். மாத்திரைக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கலாம். இந்தச் சீட்டோடு வந்தால் வேறு அட்டை கேட்க வேண்டாம் என்று, கட்டுப் போடும் அறையிலும் ஓ.பி. கவுண்டரிலும் அன்றைக்கே சொல்லி வைத்துவிடுங்கள்.