கட்-ஆஃபுக்குக் கீழே நின்றவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிக்கிறவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையிலேயே இடம்பிடித்துவிடுவார்கள். அப்படி மாதக்கணக்கில் படித்தும், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வின் பட்டியலில் பெயர் வராதவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

2024 ஜூன் 9 அன்று நடந்த தேர்வுக்கு முதலில் அறிவித்த பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். இதில் பெயர் வராததற்கு ‘எனக்கு மூளை இல்லை’ என்று காரணம் சொன்னால், கணக்கே உதைக்கிறது. காரணத்தைத் தேட வேண்டிய இடம் வேறு.

சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவிய எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு கோளாறாகி அமிலம் கசிந்துவிட்டது என்று ஆய்வில் தெரிந்தது. 1980 ஜூலை 18 அன்று அடுத்த எஸ்.எல்.வி-3, ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விட்டது. எந்த வால்வு என்பதுவரைக்கும் போய்ப் பார்த்தார்கள். அதனால் திருத்த முடிந்தது. தோல்வியை ஏற்றுக்கொள்வது என்று நான் சொல்வது இந்த வேலையைத்தான்.

தேர்வு முடிவு வந்த முதல் நாலைந்து நாள் எந்தத் தீர்மானமும் எடுக்காதீர்கள். கோச்சிங் சென்டரை மாற்றுவது, புத்தகங்களை எடைக்குப் போடுவது, ‘இனி எழுதவே மாட்டேன்’ என்று சத்தியம் செய்வது, எதுவும் வேண்டாம். வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்தால் போதும். வீட்டில் உள்ளவர்களும் அந்த வாரம் அடுத்த தெருப் பையன் பாஸான கதையை எடுக்காமல் இருக்கட்டும். உயிர் வாழவே பிடிக்கவில்லை என்கிற எண்ணம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 104 அல்லது 14416 என்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம்.

மனசு கொஞ்சம் அடங்கியதும் அதே வினாத்தாளை எடுங்கள். மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து, புதுத் தாளில் மறுபடி எழுதுங்கள். ஊகித்து எழுதும் விடைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இறுதி விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, தவறான ஒவ்வொரு கேள்வியையும் பிரியுங்கள்: படிக்கவே இல்லை, படித்தது நினைவுக்கு வரவில்லை, ‘பொருந்தாதது எது’ என்பதை ‘பொருந்துவது எது’ என்று வாசித்துவிட்டேன், நேரம் போதவில்லை. புள்ளி வைத்தும் சரியாகிவிட்ட விடைகளைத் தனியே எண்ணுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வு இது. அந்த மதிப்பெண் அடுத்த முறையும் வரும் என்று நம்பியிருக்க முடியாது.

இப்படிப் பிரித்ததும் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு என்பது தெரியும். நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 180 நிமிடம், 200 கேள்வி. ஒன்றுக்கு 54 விநாடி. திறனறிவுக் கணக்கு 25-க்கும் இரண்டிரண்டு நிமிடம் கொடுத்தால் 50 நிமிடம் போய்விடும். மிச்சம் 175 கேள்விக்கு 130 நிமிடம், அதாவது முக்கால் நிமிடத்துக்கும் குறைவு. இங்கே தடுக்கியவர் வரலாற்றை இன்னொரு தடவை படித்து என்ன பயன்? கணக்கைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பழக வேண்டும். பொது அறிவில் கெட்டிக்காரராக இருந்தும் தமிழ்த் தகுதிப் பகுதியில் 150-க்கு 60 வாங்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அவருக்கு இலக்கணம்தான் முதல் வேலை.

பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? ஆறாம் வகுப்புச் சமச்சீர்ப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி திறக்கிறார்கள். ஏற்கெனவே தெரிந்ததையே படிக்கும்போது ‘எல்லாம் வருகிறது’ என்று தெம்பாக இருக்கும். கண்ணுக்குப் பழகியது வேறு, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொல்ல முடிவது வேறு. நினைவுக்கு வராத பாடத்தை ஒரு தடவை படித்து, மூடிவைத்து, எழுதிப் பாருங்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் மறுபடி எழுதுங்கள். விட்டுப்போனதை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.

கடைசியாக, பலரும் பேசத் தயங்கும் ஒன்று. இன்னும் எத்தனை முறை எழுதுவது? அதை அடுத்த தேர்வுக்கு முன்பே, மனசு தெளிவாக இருக்கும் ஒரு நாளில், வீட்டாரோடு உட்கார்ந்து தேதி போட்டு எழுதிவையுங்கள். முடிவு வந்த அன்றைக்கு எடுக்கிற தீர்மானத்தில் கோபமோ வீம்போ கலந்துவிடும். அதுவரை கையில் ஒரு பகுதிநேர வேலை இருக்கட்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சில் ஹையர் (முதுநிலை) முடித்து வைத்தால் குரூப் 4-இலேயே தட்டச்சர் பணிக்கும் போட்டியிடலாம். குறித்த தேதி வந்தும் பெயர் வரவில்லையென்றால், அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, வேறு வேலைக்கு விண்ணப்பம் போடுங்கள். அப்படி நிறுத்திக்கொள்ளும் பிள்ளையை ‘விட்டுட்டியே’ என்று எந்த அம்மாவும் அப்பாவும் சொல்ல வேண்டாம்.

வணக்கம்.