பம்ப் தகட்டில் இருப்பது எந்த ஊர்க் கலன்?

வணக்கம் உறவுகளே. இன்றைக்குச் சாப்பாட்டுக் கடையும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை. கணக்கு. ஓடிவிடாதீர்கள், கூட்டல் கழித்தல் அளவுதான். உரும்பிராயில் பெரியப்பாவின் தோட்டத்தில் நிற்கிறேன். பக்கத்துக் காணியில் இறைப்பு நடக்கிறது, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கமெராவைக் கிட்டக் கொண்டுபோகிறேன். இது தாத்தா காலத்தில் தண்ணீர் இறைக்க வாங்கிய மண்ணெண்ணெய் மெஷின், இங்கிலாந்தில் செய்தது. பித்தளைத் தகடு பச்சை பிடித்துவிட்டது, ஆனாலும் வாசிக்கலாம்: 60 ஜிபிஎம். நிமிடத்துக்கு 60 கலன். இந்தப் பக்கம் இருப்பவை ரொறன்ரோவிலிருந்து அத்தான் அனுப்பிய ஸ்பிரிங்ளர் தலைகள். அமெரிக்கத் தயாரிப்பு. பெட்டியில் தலைக்கு 7 ஜிபிஎம் என்று போட்டிருக்கிறது. பத்துத் தலை இருக்கிறது, பத்தையும் ஒன்றாக ஓடவிட்டால் 70 வேண்டும். பெரியப்பா பெட்டியைப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்: "தம்பி, உதுக்கு எங்கட மெஷின் காணாது. எட்டுத் தலைதான் ஓடும்."

அறுபதை ஏழால் பிரித்தால் எட்டரை. மனக்கணக்கில் பெரியப்பாவை யாரும் வெல்ல முடியாது. ஆனால் தகட்டில் இருக்கும் கலன் வேறு, பெட்டியில் இருக்கும் கலன் வேறு. தகட்டில் இருப்பது இம்பீரியல் கலன், 4.546 லீற்றர். பெட்டியில் இருப்பது அமெரிக்கக் கலன், 3.785 லீற்றர். மெஷின் தரும் 60 இம்பீரியல் கலனை அமெரிக்கக் கலனாக்கினால் 72. தேவை 70. பத்துத் தலைக்கும் காணும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பிரிங்ளருக்குத் தண்ணீரின் அளவு மட்டும் போதாது, அழுத்தமும் வேண்டும். 40 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் அழுத்தம், கேட்கும் தலை என்றால் ஏறக்குறைய 92 அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கும் வலு மெஷினுக்கு இருக்க வேண்டும். கிழட்டு மெஷினால் அது முடியுமா என்பது வேறு வீடியோ. இன்றைக்குக் கலன் மட்டும்.

ஒரே ஆங்கிலம் பேசும் இரண்டு நாட்டில் எப்படி இரண்டு கலன் வந்தது? முன்பு இங்கிலாந்திலேயே பல கலன்கள் இருந்தன. வைனுக்கு ஒன்று, ஏல் என்கிற பியருக்கு இன்னொன்று. ஆன் அரசி காலத்தில், 1707 வாக்கில், வைன் கலன் 231 கன அங்குலம் என்று சட்டத்தில் நிலைத்தது. அமெரிக்கர் பிரிந்து போனபோது அந்த வைன் கலனையே கையில் வைத்துக்கொண்டார்கள், இன்றைக்கும் அதுதான். பிரிட்டன் 1824இல் பழைய கலன்களை எல்லாம் தள்ளிவிட்டு, 62 பாகை பரனைற்றில் 10 இறாத்தல் தண்ணீர் பிடிக்கும் அளவுதான் கலன் என்று புதுச் சட்டம் போட்டது. அது சுமார் 277 கன அங்குலம். எங்களை ஆண்டவர்கள் அவர்கள், அதனால் இலங்கைக்கு வந்ததும் அந்தப் பெரிய கலன். கனடாக்காரருக்கும் அதேதான். 70களின் கடைசி வரை அங்கே பெற்றோல் இம்பீரியல் கலனில்தான் விற்றது. ஆகவே கனடாவிலிருந்து வந்த சாமான் என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. பழைய கனடாச் சாமான் என்றால் பெரிய கலனாக இருக்கலாம். இப்போது அங்கே கடையில் வாங்குவதில் கலன் போட்டிருந்தால் பெரும்பாலும் அமெரிக்கக் கலன்.

சரி, மாற்றும் வழி. இம்பீரியலை அமெரிக்கக் கலனாக்க 1.201ஆல் பெருக்க வேண்டும். அமெரிக்கக் கலனை இம்பீரியலாக்க 0.8327ஆல் பெருக்க வேண்டும். தோட்டத்தில் நின்றுகொண்டு கல்குலேட்டர் தேடத் தேவையில்லை. பெரியதிலிருந்து சிறியதுக்குப் போகும்போது ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 60இன் ஐந்தில் ஒன்று 12, கூட்டினால் 72. திரும்பி வரும்போது ஆறில் ஒரு பங்கைக் கழியுங்கள். 72இன் ஆறில் ஒன்று 12, கழித்தால் 60. போகும்போதும் ஐந்து, வரும்போதும் ஐந்து என்று போட்டால் 57.6 வரும், அது பிழை. இந்தக் குறுக்குவழியில் ஆயிரம் கலனுக்கு ஒரு கலன்கூட முழுதாகப் பிசகாது. கிணற்றடியில் அதற்கு மேல் துல்லியம் எதற்கு?

இன்னொன்று, நிறையப் பேர் குழம்பும் இடம். நிமிடத்துக்கு, மணிக்கு, நாளுக்கு என்று வரும்போது வேறு வேறு எண்ணால் பெருக்க வேண்டுமா? வேண்டாம். நிமிடம் இங்கேயும் நிமிடம்தான், அமெரிக்காவிலும் நிமிடம்தான். மாறுவது கலன் மட்டும். ஜிபிஎம் ஆனாலும், மணிக்குக் கலன் என்கிற ஜிபிஎச் ஆனாலும், நாளுக்குக் கலன் என்கிற ஜிபிடி ஆனாலும் அதே 1.201தான். ஜிபிஎம்மிலிருந்து ஜிபிஎச்சுக்குப் போனால்தான் 60ஆல் பெருக்கும் வேலை தனியாக வரும்.

இப்போது முக்கியமான கேள்வி. தகட்டில் வெறும் ஜிபிஎம் என்று மட்டும் இருந்தால் எந்தக் கலன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சிலதில் யூஎஸ் ஜிபிஎம் என்றோ, இம்பீரியல் என்றால் ஐஜிபிஎம் என்றோ தெளிவாக இருக்கும், அது புண்ணியம். இல்லாவிட்டால் பக்கத்தில் லீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக் காணிக்காரர் புதிதாக வாங்கிய இரண்டு இஞ்சிப் பெற்றோல் பம்பின் பெட்டியை வாங்கி வந்திருக்கிறேன். இந்த மூலையில் நிமிடத்துக்கு 600 லீற்றர், கீழே சின்ன எழுத்தில் 158 கலன். 600ஐ 158ஆல் பிரியுங்கள். 3.8 வருகிறது. அப்படியென்றால் அமெரிக்கக் கலன். 4.5 வந்தால் இம்பீரியல். இந்த ஒரு வகுத்தல் எல்லாவற்றுக்கும் சரிவரும். வெளிநாட்டுக் குளியலறை ஷவர் தலையில் 2.5 ஜிபிஎம், 9.5 லீற்றர் என்று பொறித்திருக்கும், அமெரிக்கச் சட்டம் விட்டிருக்கும் உச்ச அளவு அது. 9.5ஐ 2.5ஆல் பிரித்தால் திரும்பவும் 3.8.

உவர்த் தண்ணீரைச் சவ்வால் வடிகட்டும் ஆர்ஓ மெஷினை வீட்டில் பூட்டியிருப்பவர்கள் கவனியுங்கோ. சவ்வில் 75 ஜிபிடி, 100 ஜிபிடி என்று இருப்பது அமெரிக்கக் கலன். 75 என்றால் நாளுக்கு 284 லீற்றர். அதை இம்பீரியல் என்று நினைத்தால் 341 லீற்றர் எதிர்பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். அந்த 284உம் 25 பாகை செல்சியஸ் தண்ணீரில், சொன்ன அழுத்தத்தில் ஓடினால்தான். தாங்கி கூரைக்கு ஒட்டினாற்போல இருந்து அழுத்தம் குறைந்தால் அதுவும் வராது.

தகடே இல்லாத மெஷினுக்குப் பரல்தான் வழி. இருபது லீற்றர் கானால் பத்துத்தரம் ஊற்றி, 200 லீற்றர் மட்டத்தில் பெயின்ற்றால் கோடு போடுங்கள். விளிம்பு வரை என்று எடுக்காதீர்கள். இதே பரலை அமெரிக்கர் 55 கலன் பரல் என்பார், சிட்னியில் இருக்கும் என் சித்தப்பா 44 கலன் பரல் என்பார், இரண்டு பேரும் ஒரே பரலைத்தான் சொல்கிறார்கள். அந்தப் புது பம்பை இன்றைக்குக் காலையில் இந்தப் பரலில் விட்டுப் பார்த்தோம், கோட்டுக்கு வர 40 விநாடி. விநாடிக்கு 5 லீற்றர், நிமிடத்துக்கு 300. அதாவது 66 இம்பீரியல் ஜிபிஎம், அல்லது 79 அமெரிக்க ஜிபிஎம். பெட்டியில் போட்டிருப்பதில் பாதி! பம்பில் பழுது இல்லை. பெட்டியில் இருப்பது தண்ணீரைத் தூக்கவே தேவையில்லாத நிலையில் வரும் உச்ச அளவு. கிணற்றின் ஆழமும் குழாயின் நீளமும் சேர்ந்து அதைத் தின்றுவிடும்.

இதில் காசு எங்கே போகிறது என்றும் காட்டுகிறேன். ஒரு பரப்புக்கு ஒரு அங்குலத் தண்ணீர் விட வேண்டும் என்று வையுங்கள். ஒரு பரப்பு 10 பேர்ச், 2722 சதுர அடி. ஒரு அங்குலம் என்றால் சுமார் 6425 லீற்றர். இம்பீரியலில் 1413 கலன், அமெரிக்கக் கலனில் 1697. பம்ப் 66 இம்பீரியல் ஜிபிஎம் தருகிறது, ஆகவே 21 நிமிடம் சொச்சம். ஆனால் போனில் வெறும் கலன் என்று தட்டினால் பெரும்பாலும் அமெரிக்கக் கலனைத்தான் எடுக்கும். அது தரும் 1697ஐ 66ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 26 நிமிடம். பரப்புக்கு நாலு நிமிடத்துக்கு மேல் வீண் ஓட்டம். பதினாறு பரப்பு சேர்ந்த ஏக்கருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பெற்றோல் எரிகிறது. வெங்காயத்துக்குத் தண்ணீர் கூடினால் என்ன நடக்கும் என்று கோண்டாவில்காரருக்கும் இணுவில்காரருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது மருந்தடிப்பு. இதில்தான் எனக்கு உண்மையான ருசி. கலனில் பிரிட்டன் பெரிது, ஆனால் அவுன்ஸில் அமெரிக்காதான் பெரிது! இம்பீரியல் திரவ அவுன்ஸ் 28.4 மில்லிலீற்றர், அமெரிக்க அவுன்ஸ் 29.6. பிரிட்டன் தன் கலனை 160 அவுன்ஸாகப் பிரித்தது, அமெரிக்கா 128ஆகப் பிரித்தது. அதனால் நொசிலில் நிமிடத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று இருந்தால் ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று எதுவும் உதவாது. இம்பீரியல் அவுன்ஸை அமெரிக்க அவுன்ஸாக்க 0.96ஆல் பெருக்க வேண்டும். எண் கூடாது, குறையும்.

யூடியூப்பில் அமெரிக்க விவசாயிகள் ஒரு வித்தை காட்டுவார்கள். 340 சதுர அடிக்கு வெறும் தண்ணீரை அடித்து, எத்தனை அவுன்ஸ் செலவானது என்று அளந்தால், அந்த எண்தான் ஏக்கருக்கு எத்தனை கலன் என்ற எண். பெருக்கல் பிரித்தல் ஒன்றும் இல்லை. 340 சதுர அடி ஒரு ஏக்கரில் 128இல் ஒரு பங்கு, அவுன்ஸும் கலனில் 128இல் ஒரு பங்கு, இரண்டும் ஒன்றையொன்று வெட்டிவிடும். அதைப் பார்த்துவிட்டு நம்மவர் பழைய பிரிட்டிஷ் அளவுக் குவளையால் அளந்தால் கணக்கு உதைக்கும்.

எங்களுக்கு வேறு வித்தை இருக்கிறது. இம்பீரியல் கலனுக்கு 160 அவுன்ஸ், ஏக்கருக்கும் 160 பேர்ச். ஆகவே ஒரு பேர்ச்சுக்கு, அதாவது பதினாறரை அடிக்குப் பதினாறரை அடிச் சதுரத்துக்கு, வெறும் தண்ணீர் அடியுங்கள். எத்தனை இம்பீரியல் அவுன்ஸ் போனதோ, ஏக்கருக்கு அத்தனை இம்பீரியல் கலன். 40 அவுன்ஸ் போனால் ஏக்கருக்கு 40 கலன். லீற்றரில் 182, பரப்புக்குச் சுமார் பதினொன்றரை லீற்றர். முதுகில் போடும் 16 லீற்றர் மெஷின் ஒருதரம் நிரப்பினால் ஒரு பரப்பு முடிந்து அடுத்ததில் கொஞ்சமும் அடிக்கலாம். பெரியப்பாவுக்கு இதைச் சொன்னேன். "உது வெள்ளைக்காரன் எங்கட காணியை அளந்துபோட்டுத்தான் அவுன்ஸ் பிரிச்சவனோ?" என்று கேட்டார்.

இரணைமடுக் குளத்தில் தண்ணீரைக் கன அடிக் கணக்கில் திறக்கிறார்களே, அதற்கும் இந்தக் குழப்பம் உண்டா என்று கேட்பீர்கள். இல்லை. அடி இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான். விநாடிக்கு ஒரு கன அடி என்றால் எங்கேயும் 28.3 லீற்றர். கலனில் சொல்லப் போனால்தான் 374 இம்பீரியல் ஜிபிஎம், 449 அமெரிக்க ஜிபிஎம் என்று பிரியும்.

உங்கள் வீட்டு மெஷின் தகட்டைப் படம் பிடித்துக் கீழே போடுங்கோ. லீற்றர் எண் இருந்தால் அதுவும் தெரிய எடுங்கள், செய்த நாட்டின் பெயர் பின்பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தையும் அனுப்புங்கள். பெரியப்பா பத்துத் தலையையும் பூட்டத் தொடங்கிவிட்டார், குழாய் பிடிக்க ஆள் வேண்டுமாம். அடுத்த வீடியோவில் அழுத்தம் காணுமா என்று பார்ப்போம். வரட்டே.