எலி வளையானாலும் தனி வளை

(வாசிகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்த ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, ஆலய பரிபாலன சபையினரே, தோட்டத் தலைவர்மாரே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மாரே, அனைவருக்கும் வணக்கம். பூமிசாத்திரம் என்ற சொல்லை எனக்கு முதலில் சொல்லித் தந்தவர் அதிபர் ஐயா. அவர் முன்னிலையில் அதே பாடத்தைப் பேசக் கிடைத்ததை என் பேறாகக் கருதுகிறேன்.

இலங்கை மலையகத்தின் நில அமைப்பில் குடும்ப விவசாயத்தின் பங்கு என்பது எனக்குத் தந்த தலைப்பு. சரிவு, நீர், சந்தை என்று மூன்று விடயங்களைச் சொல்ல வந்திருக்கிறேன்.

வலப்பனை, அங்குராங்கெத்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். பள்ளத்தில் படிப்படியாக வயல். வயலுக்கு மேலே வீடு. வீட்டைச் சுற்றிப் பலா, கமுகு, கித்துள், மிளகுக்கொடி. அதற்கும் மேலே முன்பு, காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்ட சேனை. தகப்பன் வெட்டிய வரம்பை மகன் உயர்த்தினான், பேரன் அதில் கல் பதித்தான். அப்படி உண்டான நிலம் அது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைக்குச் சான்று காட்ட முடியாத காட்டையும் தரிசையும் பிரித்தானிய முடியாட்சிக்குச் சொந்தமாக்கியது. மேல்சரிவு கோப்பிக்குப் போனது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பி அழிந்தபோது அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. சிங்களக் கிராமத்தான் சேனையை இழந்தான். தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த நம் பாட்டன் அந்த மண்ணில் உழைத்தும் ஒரு பிடி பெறவில்லை. இருவரையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவோரை நான் ஏற்கமாட்டேன்.

தெற்கே காலி, மாத்தறைப் பக்கம் போனால் தேயிலையின் முகமே வேறு. அங்கே ஒரு குடும்பத்துக்கு அரை ஏக்கர், ஓர் ஏக்கர், நடுவில் வீடு. இந்த நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி இன்று சிற்றுடைமையாளரின் கொழுந்திலிருந்துதான் வருகிறது. இங்கே தேயிலை ஒருபுறம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒருபுறம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று என் பாட்டி சொல்வார். லயத்து அறையான காம்பராவின் சுவர்கூட இரு குடும்பங்களுக்குப் பொதுவாக இருந்த வாழ்க்கையில் அவர் அதைச் சொன்னார்.

என் தகப்பனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓடையோரம் பாறையும் மானாப்புல்லுமாகக் கிடந்த ஒரு துண்டைத் திருத்திக்கொள்ள அவருக்குத் தோட்ட நிர்வாகத்தார் வாய்மொழியாக அனுமதி தந்தார்கள். மலையில் வேலை முடிந்ததும் அங்கே போவார். ஓடைக் கல்லை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து நான்கு கட்டுகள் கட்டினார். அம்மா மாட்டுப்பட்டியிலிருந்து எரு சுமந்தார். போஞ்சி, கரட், லீக்ஸ், கோவா எல்லாம் விளைந்தன. நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுச் சென்ற முதல் சப்பாத்து அந்தப் போஞ்சிக் காசில் வாங்கியது.

பதினோராம் வருடம், நிலம் திரும்ப வேண்டும், ஒரு மாதத்தில் விட்டுவிடு என்றார்கள். கல் கட்டுகளை இடித்துப் போட்டுவிட்டு வா என்று அயலவர்கள் கொதித்தார்கள். அப்பா மறுத்துவிட்டார். "கல் ஓடைக்குச் சொந்தம், அது இருக்கட்டும். மண் நாம் செய்தது" என்று சொல்லிச் சாக்கை எடுத்தார். மண்ணை யாராவது சுமந்துகொண்டு போவார்களா என்று கேட்ட அம்மாவே மறுநாள் ஒரு சாக்கைத் தலையில் தூக்கினார். பதின்மூன்று மாலைகள், மூன்று பேர். அந்தக் கறுப்பு மண்ணை லயத்தின் பின்புறம் இரண்டு கட்டில் அகலத்துக்குப் பரப்பி மிளகாய் நட்டோம். இரவில் அப்பா எழுந்துபோய் அதைத் தொட்டுப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

அந்த ஓடையோரத் துண்டில் பிறகு எவரும் எதையும் நடவில்லை. பார்க்க ஆளில்லாமல் கட்டுகள் சரிந்தன. மிச்சமிருந்த மண்ணையும் இரண்டு மழைக்காலம் ஓடைக்குள் இழுத்துவிட்டது. நீரைப் பற்றி நான் சொல்ல வந்ததும் இதுதான்: மேலே சரியும் மண் கீழே நீர்த்தேக்கத்தில் படிகிறது. ஒரு வருடக் குத்தகைக்கு எடுத்தவன் கல் அடுக்கமாட்டான். கிழங்கைப் பிடுங்கிய கையோடு போய்விடுவான். உறுதிப் பத்திரம் கையில் உள்ளவன்தான் பேரனுக்காக வரம்பு கட்டுவான்.

சந்தையைப் பற்றிப் பேச நேரம் போதாது. தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2019 முதல் 2028 வரையான காலத்தைக் குடும்ப விவசாயத்துக்கான பத்தாண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. நம்மிடம் வீட்டுக்கு 7 அல்லது 10 பேர்ச்சஸ் என்ற கணக்கு நடக்கிறது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். வீட்டையும் வாசலையும் கழித்தால் மிஞ்சுவதில் என்ன பயிரிடுவது? எலி வளையானாலும் தனி வளை வேண்டும்தான். ஆனால் எலிக்கும் வளைக்கு வெளியே இரை தேட ஒரு வயல் இருக்கிறது. காடாகிக் கிடக்கும் தேயிலை மலைகளைப் பிரித்து, வீட்டு நிலத்துக்கு மேலாகப் பயிர்நிலமும் தர வேண்டும். உறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும்.

தவிசாளர் அவர்களிடம் இன்று கையளிக்க மகஜர், அதாவது கோரிக்கை மனு ஒன்று தயாராக இருக்கிறது. வாசலருகே மேசையில், வாசிகசாலைப் பிள்ளைகளிடம் பேனாவும் மையும் இருக்கின்றன. கையெழுத்து வராத தாய்மார் பெருவிரலை வைக்கலாம். தேநீர் அருந்தப் போகும் வழியில்தான் மேசை இருக்கிறது. வணக்கம்.