நம் காலடி நிலம் கடந்து வந்த தொலைவு

(காரைக்குடியில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் என் வணக்கம்.

கண்டங்கள் நகர்ந்தன என்று பாடநூல் சொல்கிறது. நாமும் படித்துத் தேர்வில் எழுதிவிடுகிறோம். அது எவ்வாறு தெரிய வந்தது என்னும் கேள்வியையே இன்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கான விடையில் ஒரு பகுதி நம் சிவகங்கை மாவட்டத்துப் பாறைகளிலேயே இருக்கிறது என்பதால், இதைச் செட்டிநாட்டில் நின்று பேசுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் பொருந்தி வருவதை வரைபட அறிஞர் ஆபிரகாம் ஓர்தேலியசு 1596-லேயே குறித்து வைத்தார். ஆனால் வடிவப் பொருத்தம் ஐயத்தை எழுப்புமே தவிர, தானாகச் சான்றாகிவிடாது. கிழிந்த கண்டாங்கிச் சேலையின் இரு துண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பவர் கிழிசலின் விளிம்பை மட்டும் பார்ப்பதில்லை. கட்டங்களும் கரையும் ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குத் தொடர்ந்து ஓடுகின்றனவா என்றே பார்ப்பார். செருமானிய வானிலை ஆய்வாளர் ஆல்ஃபிரட் வெகனர், 1912 சனவரியில் பிராங்க்பர்ட் நகரில் தம் கருத்தை முதன்முதலாக அவையில் வைத்தபோது, இத்தகைய தொடர்ச்சியைத்தான் காட்ட முயன்றார்.

ஆழமற்ற உள்நாட்டு நீர்நிலைகளில் வாழ்ந்த மெசோசாரசு என்னும் சிறிய ஊர்வனவற்றின் எலும்புகள் பிரேசில் உள்ளிட்ட தென் அமெரிக்கப் பகுதியிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் மட்டுமே கிடைக்கின்றன. அட்லாண்டிக் பெருங்கடலை நீந்திக் கடக்கும் ஆற்றல் அதற்கு இருந்ததாக யாரும் கருதவில்லை. நாக்கு வடிவ இலைகளைக் கொண்ட குளோசாப்டெரிசு என்னும் மரம் இந்தியா, தென் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நிலங்களின் நிலக்கரிப் படிவுகளில் பதிந்து கிடக்கிறது. அதே 1912-ஆம் ஆண்டு பிப்ரவரியில், தென்முனையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ராபர்ட் ஸ்காட்டின் குழுவினர் அண்டார்க்டிகாவின் பியர்ட்மோர் பனியாற்றருகே கற்களைச் சேகரித்தனர். பசியாலும் குளிராலும் சாகும் நிலையிலும் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள அந்தக் கற்களை அவர்கள் வீசி எறியவில்லை. மாதங்கள் கழித்து அவர்களின் உடல்களருகே கண்டெடுக்கப்பட்ட அக்கற்களில் குளோசாப்டெரிசு இலைகள் இருந்தன. பனியே போர்த்திய நிலத்தில் ஒரு காலத்தில் காடு இருந்தது என்பதும், தெற்குக் கண்டங்கள் ஒன்றாக இணைந்திருந்த கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தில் நம் பகுதியில் இருந்த காட்டோடு அந்தக் காடு உறவுடையது என்பதும் அவற்றால் விளங்கின.

காடிருந்த இடத்தில் இன்று பனி. பனி இருந்த இடத்திலோ இன்று வெயில். ஒடிசாவின் தால்ச்சேர் பகுதியில் களிமண்ணோடு கலந்து கிடக்கும் பெருங்கற்கள் பனியால் கொண்டுவரப்பட்டவை என்று 1856-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் கண்டறிந்தனர். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இத்தகைய பனிப்படிவுகள் தெற்குக் கண்டங்கள் அனைத்திலும் இருக்கின்றன. கண்டங்கள் இன்றுள்ள இடத்திலேயே இருந்திருந்தால், பனி கடலிலிருந்து நிலத்துக்கு ஏறியதாகச் சில இடங்களில் கொள்ள நேரும். அவற்றைத் தென்முனையைச் சுற்றி ஒன்றுசேர்த்து வைத்தாலோ, நகர்ந்த பனி பாறைகளின் மேல் இழுத்த கீறல்களின் திசைகள் ஒழுங்குபட்டு விடுகின்றன.

இவ்வளவு இருந்தும் வெகனரைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவர்களை மூடர்கள் என்று சொல்வது நியாயமன்று. இத்தனை பெரிய நிலத்தை எந்த விசை தள்ளியது என்று அவர்கள் கேட்டார்கள். வெகனர் சொன்ன விசைகள் போதவே போதா என்று ஹெரால்ட் ஜெஃப்ரீசு கணக்கிட்டுக் காட்டியதும் சரியே. வெகனர் 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் உயிர்நீத்தபோது அந்தக் கேள்வி அப்படியே நின்றது.

நகர்வை ஏற்காதவர்களுக்கு வேறொரு விளக்கம் தேவைப்பட்டது. கடலுக்குள் மூழ்கிய நிலங்களை அவர்கள் கற்பித்துக்கொண்டார்கள். மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் இடையே உயிரினங்களில் காணும் ஒற்றுமைக்காக 1864-இல் பிலிப் ஸ்கிலேட்டர் முன்வைத்த லெமூரியா அவற்றுள் ஒன்று. தமிழகத்தில் அதைக் குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசுவோர் உண்டு. கடல்கோள் பற்றிய நம் இலக்கிய நினைவுகளை நான் மதிக்கிறேன். கடைசிப் பனிக்காலம் உச்சத்தில் இருந்த 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தொண்டிக்கு அப்பால் உள்ள பாக் நீரிணை அன்று நிலமாக இருந்தது. ஆனால் அது கடல் ஏறிய வரலாறு. கண்டம் நகர்ந்த வரலாறோ கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு உரியது. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே நமக்குப் புரியாமல் போகும்.

வழக்கைத் தீர்த்து வைத்தது காந்தம். எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அப்போதைய புவிக்காந்தத்தின் திசையை ஏற்று உறைகின்றன. அந்தத் திசை நிலநடுக்கோட்டருகே கிடையாகவும் முனைகளருகே செங்குத்தாகவும் இருப்பதால், உறைந்த சாய்விலிருந்து பாறை பிறந்த அகலாங்கை, அதாவது அட்சரேகையை, கணக்கிடலாம். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட தக்காண எரிமலைப் பாறைகளை 1950-களில் அளந்தபோது, அவை நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உறைந்தவை என்று தெரிந்தது. இன்று அவை மும்பையைச் சுற்றி, கோட்டுக்கு வடக்கே இருக்கின்றன. இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர்.

அடுத்த சான்றும் நம் பக்கத்துக் கடலிலிருந்தே வந்தது. அரபிக்கடலுக்குத் தெற்கே கடலடியில் நீளும் கார்ல்ஸ்பர்க் மலைத்தொடரை 1962-இல் ஓர் ஆய்வுக் கப்பல் அளந்தது. புவிக்காந்தம் காலந்தோறும் வடக்கு தெற்காகத் தலைமாறி வந்திருக்கிறது. கடைசி மாற்றம் ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. மலைத்தொடரின் நடுப்பிளவில் புதுத் தரை பிறந்து இருபுறமும் விலகுமானால், இந்த மாற்றங்கள் அத்தரையில் பட்டை பட்டையாகப் பதிந்திருக்க வேண்டும். அந்த அளவீடுகளைக் கொண்டு ஃபிரெடெரிக் வைனும் டிரம்மண்ட் மாத்யூசும் 1963-இல் இதை எடுத்துரைத்தனர். பிற கடல்களில் இருபுறமும் ஒத்த பட்டைகளே கிடைத்தன. கண்டப் பாறைகளுள் சில 400 கோடி ஆண்டு மூத்தவையாக இருக்க, பெருங்கடல் தரையில் 20 கோடி ஆண்டைத் தாண்டியது ஏறத்தாழ எங்கும் இல்லை என்பதன் காரணமும் இதுதான்: பழைய தரை ஆழ்கடல் அகழிகளில் கீழிறங்கி மறைகிறது. இறங்கும் அந்தத் தரையின் எடை, கண்டத்தையும் கடல்தரையையும் சுமக்கும் பெரும் பாறைப் பாளமாகிய தட்டைத் தன்னோடு இழுப்பதே, வெகனரால் சொல்ல முடியாமற்போன விசையில் பெரும்பங்கு.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சிவகங்கையருகே வெட்டியெடுக்கப்படும் கிராஃபைட், புவிக்குள் மிக ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் மாற்றிய பாறைகளுக்கு உரியது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா இணைந்த காலத்தில், இத்தகைய மாற்றம் தமிழகத்தின் தென்பகுதி, இலங்கை, மடகாஸ்கர் மூன்றிலும் நிகழ்ந்தது; மூன்று இடங்களும் கிராஃபைட்டுக்குப் பெயர் பெற்றவை. அது சேர்ந்ததன் பதிவு. பிரிந்ததன் பதிவும் இங்கேயே உள்ளது. கிழக்குக் கரை அண்டார்க்டிகாவிலிருந்து பிளவுபட்டபோது நிலம் விரிசலுற்றுத் தாழ்ந்ததால் காவிரிப் படுகை உருவாயிற்று. அதன் தென்பகுதி நம் கிழக்கே இராமநாதபுரம் நோக்கிச் சரிகிறது. அந்தப் படுகையின் மேற்கு விளிம்பில், சிவகங்கை வட்டாரத்தில், மேல் கோண்டுவானாக் காலம் எனப்படும் அந்தப் பிளவுக் காலத்துக் களிப்பாறைகளும் மணற்பாறைகளும் தாவரப் பதிவுகளோடு வெளித்தெரிகின்றன. ஒரே மாவட்டத்தில் ஒரு பெருங்கண்டத்தின் இணைவையும் முறிவையும் காட்ட முடிவது சிறிய பேறன்று.

பிரிந்த இந்தியத் தட்டு ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேலான வேகத்தில் வடக்கே வந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. எவரெஸ்ட் உச்சியில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் கொண்ட சுண்ணாம்புப் பாறை இருப்பது அந்த மோதலால்தான். இன்றும் நாம் வடகிழக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நகர்கிறோம் என்பதைப் பெங்களூரு, ஐதராபாத் நிலையங்கள் செயற்கைக்கோள்களின் துணையோடு அளந்து காட்டுகின்றன.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கிணறு வெட்டும்போதோ கண்மாய் தூர்வாரும்போதோ களிப்பாறையில் இலைப் பதிவு எதையேனும் கண்டால், அதை உடைக்காமல், எடுத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து உங்கள் ஆசிரியர் வழியாகப் புவியியல் துறையினருக்குத் தெரிவியுங்கள். இடம் தெரியாத புதைபடிவம் ஆய்வாளருக்குப் பாதிப் பயன்கூடத் தராது.