காக்காவுக்குக் கோயில் கட்டுகிற அணியிலிருந்து பேசுகிறேன்

நடுவர் ஐயாவுக்கும், சாரல் அடித்தாலும் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற செங்கோட்டை மக்களுக்கும் வணக்கம். மற்ற மரியாதை எல்லாம் முன்னால் பேசியவர்களே செய்துவிட்டார்கள். "தற்செயலாக நடப்பதில் அர்த்தம் உண்டா, வெறும் கணக்கா?" என்பது தலைப்பு. அர்த்தம் உண்டு என்பது எங்கள் கட்சி.

எதிரணியின் கணக்கு வாத்தியார் என்ன சொன்னார்? "காக்கா உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது, அவ்வளவுதான். இந்த அணி அந்தக் காக்காவுக்குக் கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு வசூலுக்கும் வரும்" என்றார். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். முன் வரிசையில் எங்கள் அத்தானும் கை தட்டினார். அவரிடம் அப்புறம் வருகிறேன்.

சார்வாள் ஒரு கணக்கும் போட்டார். 23 பேர் ஓர் இடத்தில் இருந்தால், அதில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் அமைய பாதிக்கு மேல் வாய்ப்பாம். சரிதான். 57 பேர் இருந்தால் 99 சதவீதம், அதையும் நானே சேர்த்துச் சொல்கிறேன், நாங்களும் பள்ளிக்கூடம் போனவர்கள்தான். ஆனால் அந்த ரெண்டு பேர் யார் என்று உங்கள் கணக்கு சொல்லுமா? பனம்பழம் விழுந்ததில் காக்காவுக்கு ஒன்றும் இல்லை, மரத்துக்கும் ஒன்றும் இல்லை. அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தானே ஒருத்தன், அவன் காதுக்கு நாலு விரல் தள்ளி விழுந்ததே, அவனிடம் போய் "தம்பி, இது நிகழ்தகவு" என்று சொல்லிப் பாருங்கள். அதற்குள் எழுந்து வீட்டுக்கு ஓடி, பெண்டாட்டி பிள்ளையைக் கட்டிப் பிடித்திருப்பான்.

இப்போது அத்தான்.

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை வந்தாச்சு. ஆனால் நமக்குப் புளியரை தாண்டினால் ஆரியங்காவு, அங்கே கேரள லாட்டரி. போன வருஷம் ஒரு நாள் காலையில் அத்தான் கரண்ட் பில் கட்டப் போனார். தொகை 2719. கட்டிவிட்டு வரும்போது முன்னால் ஒரு வைக்கோல் லாரி, நம்பர் 2719. அத்தான் பிரேக் போட்டார். பின்னால் வந்தவன் என்ன சொன்னான் என்பதை மேடையில் சொல்ல முடியாது. அப்புறம் பிரானூர் பார்டரில் பரோட்டா. (1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் எல்லை புளியரைப் பக்கம் போய்விட்டது, ஆனாலும் 'பார்டர்' என்கிற பேர் பிரானூரை விட்டுப் போகவில்லை, பரோட்டா அப்படி!) சாப்பிட்டுக் கை கழுவி வந்து பில்லைப் பார்க்கிறார். தொகை இல்லை ஐயா, பில் நம்பர். 2719!

கை கழுவின ஈரத்தோடு வண்டியை எடுத்து நேரே ஆரியங்காவு. சின்னப் பரிசுகளுக்குக் கடைசி நாலு எண் பொருந்தினால் போதும். ஒரு கடையில் இல்லை, அடுத்த கடையில் இல்லை, கடைசியில் கோயில் பக்கம் ஒரு சேட்டன் கட்டுக்குள்ளிருந்து உருவிக் கொடுத்தார், முடிகிற எண் 2719. சட்டைப்பையில் வைத்தால் வியர்வை படும் என்று அக்காவின் மூக்குத்தி டப்பாவில் வைத்துப் பூட்டினார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வராத காசில் மாடியில் ஓர் அறை எழுப்பி, எனக்கு அதில் இடம் கிடையாது என்றும் முடிவு பண்ணியாச்சு.

மறுநாள் மூன்று மணிக்குக் குலுக்கல். முடிவு வந்தது. என்ன நம்பர்? கேட்கிறேன், என்ன நம்பர்?

2720.

அத்தான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணே ஒண்ணு, ஒரே ஒண்ணு" என்று முனகல். அப்போது அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து கேட்டாள்: "ஏங்க, 2720-ன்னா சொன்னீங்க? அது என் போன் நம்பரோட கடைசி நாலு எழுத்தில்ல?" பதினெட்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறார் ஐயா! வைக்கோல் லாரி நம்பர் மனப்பாடம், பெண்டாட்டி நம்பர் தெரியவில்லை. இதில் அர்த்தம் இல்லை என்கிறீர்களா? அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் இருந்திருந்தால் அர்த்தம் எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று தெரிந்திருக்கும்.

படித்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. சுவிட்சர்லாந்தில் கார்ல் யுங் என்று ஒரு மனநல மருத்துவர். அவரிடம் ஒரு பெண் தன் கனவில் வந்த தங்க வண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சன்னலில் டொக் டொக். திறந்தால் பொன்னும் பச்சையுமாக ஒரு வண்டு. பிடித்து, இதோ உங்கள் வண்டு என்று கொடுத்தார். அதுவரை எதற்கும் அசையாத அந்த அம்மா அதற்குப் பிறகுதான் இளகினார். 1952-ல் இதையெல்லாம் எழுதி அவர் புத்தகம் போட்டபோது கூடச் சேர்ந்து எழுதியவர் வுல்ஃப்காங் பவுலி, 1945-ல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். அவருக்குத் தெரியாத கணக்கா சார்வாள்?

சரி, சிரித்தது போதும். காக்கா என்று நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள்.

எங்க அப்பா ரயில்வேயில் கேங்மேன். செங்கோட்டை, புனலூர் மீட்டர் கேஜ் பாதையில் மழையிலும் வெயிலிலும் சுத்தியலோடு நடந்தவர். அகலப் பாதை வேலைக்காக 2010-ல் அந்தத் தடத்தை மூடினார்கள். மூடிக் கிடந்த வருஷங்களிலேயே அப்பா போய்விட்டார். 2018-ல் மறுபடி வண்டி ஓட ஆரம்பித்தது. அந்த வருஷம் ஓர் அமாவாசை, அம்மா கொல்லையில் இலை போட்டு எள்ளுச் சோறு வைத்துக் கூப்பிடுகிறாள், ஒரு காக்கா வரவில்லை. சோறு ஆறிவிட்டது. அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த நேரம் கொல்லம் போகிற வண்டி ஊதியது. ஊதின மாத்திரத்தில் முருங்கை மரத்திலிருந்து ஒரு காக்கா இறங்கி, நேரே இலைக்கு வந்து, அப்பா எப்போதும் முதலில் எடுக்கிற வாழைக்காய்ப் பொரியலை எடுத்தது. அம்மா அதைப் பார்த்து, "வண்டி போனாத்தான் சாப்பாட்டுக்கு வரணுமா உங்களுக்கு?" என்று திட்டினாள் ஐயா. உரிமையோடு திட்டினாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வண்டிக்கு நேரம் உண்டு, காக்காவுக்குப் பசி உண்டு, இரண்டும் ஒன்றாக வந்தது என்பீர்கள். சொல்லுங்கள், ஆனால் என்னிடம் சொல்லாதீர்கள். எங்கள் வீடு ரயில்வே கேட் பக்கம்தான், அம்மாவிடமே நேரில் வந்து சொல்லுங்கள் சார்வாள். காபி போட்டுத் தருவாள். டம்ளர் காலியாகிற வரைக்கும் நீங்கள் வாயைத் திறக்க மாட்டீர்கள், நான் பந்தயம் கட்டுகிறேன். நடுவர் மணியை அடித்துவிட்டார், வணக்கம்.