எல்லாம் பச்சை, ஆனா பில்லு போட முடியல: ப்ராக்ஸ்மாக்ஸ் விஎம் சர்வருக்கு மானிட்டரிங் ப்ளக்இன்

(காட்சி: விடியக்காலை இருட்டு. மண்டபம் மீன் இறங்குதளம். ஐஸ் பார் ஏத்துற வண்டி.)

வணக்கம், மண்டபத்துல இருந்து பேசுறேன். பின்னாடி கேக்குறது ஐஸ் அரைக்கிற மெஷின். அதை நிறுத்தச் சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல, பொறுத்துக்குங்க.

ஜூன் 14 ராத்திரியோட 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடியும். விசைப்படகுங்க போய்ட்டு பிடிச்ச முதல் மீனோட திரும்புற விடியக்காலை இருக்கே, இந்தக் கரையில வருஷத்துக்கே பரபரப்பான நேரம் அதுதான். கொஞ்ச வருஷம் முன்னாடி அப்படி ஒரு நாள் நாலரை மணிக்கு எனக்கு போன். நான் சர்வர் பாத்துக்கிற ஒரு மீன் கம்பெனியோட கணக்குப்பிள்ளை.

“தம்பி, பில்லு போடுற சிஸ்டம் அப்படியே உறைஞ்சு நிக்குது. வெளிய வண்டி நிக்குது, ஐஸ் உருகுது.”

லேப்டாப்பைத் திறந்தேன். சர்வருக்குள்ள ஓடுற நாலு விஎம்மும், அதாவது சாஃப்ட்வேரால உண்டாக்கின நாலு கம்ப்யூட்டரும், பச்சை. “அண்ணே, எல்லாம் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு”ன்னு சொன்னேன். அவர் சொன்ன பதிலை வீடியோவுல சொல்ல முடியாது.

(காட்சி: திரையில் நாலு விஎம்களின் பட்டியல், எல்லாம் பச்சை.)

அந்தப் பச்சையை நம்பி ஏமாந்த கதைதான் இன்னிக்கு. சர்வர்ல இருக்கிறது ப்ராக்ஸ்மாக்ஸ், ஒரே மெஷின்ல பல விஎம்மை ஓட்டுற சாஃப்ட்வேர். டெபியன் லினக்ஸ் மேல கட்டினது, விஎம்மை ஓட்டுறது உள்ள இருக்கிற கேவிஎம். எல்லாம் சரியா இருக்கான்னு கண்காணிக்கிற சாஃப்ட்வேர் நாகியோஸ். ரெண்டுக்கும் நடுவுல ‘செக் பிவிஇ’ன்னு பைத்தான்ல எழுதின ஒரு சின்ன ப்ளக்இன்.

ப்ளக்இன்னா பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. நாகியோஸ் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைக் கூப்பிடும். அது போய் சர்வர்கிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு வந்து ஒரு வரியும் ஒரு எண்ணும் குடுக்கும். 0 வந்தா சரி. 1 வந்தா எச்சரிக்கை. 2 வந்தா ஆபத்து. 3 வந்தா, தெரியல.

(காட்சி: பாம்பன் துறைமுகம். கொடிமரத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு.)

இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு இதைப் புதுசா விளக்க வேண்டியதில்ல. பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துறதைச் சின்ன வயசுல இருந்து பாக்குறோம். 1-ம் எண் ஏத்தினா எங்கேயோ தூரத்துல காத்தழுத்தம். 3-ம் எண் ஏத்தினா துறைமுகத்துக்கே பலத்த காத்து வரலாம். 10 வரைக்கும் பொதுவா ஏற ஏற அபாயம் கூடும். ஆனா கடைசியில 11-ம் எண் ஒண்ணு இருக்கு. அது 10-ஐ விடப் பெரிய புயல்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல. வானிலை எச்சரிக்கை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சு, மோசமான வானிலை வரலாம்னு இங்க இருக்கிற அதிகாரி நினைக்கிறார்னு அர்த்தம்.

நாகியோஸோட 3 அப்படித்தான். சர்வர் கெட்டுப்போச்சுன்னு அது சொல்லல, கேட்டுப் பாக்கவே முடியலைன்னு சொல்லுது. 3-க்கு அலாரம் வேண்டாம்னு நிறுத்தி வைக்கிற ஆளுங்களை நான் பாத்திருக்கேன். அதைச் செய்யாதீங்க.

(காட்சி: மேசை மேல் சின்ன பழைய பிசி.)

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல, நாகியோஸை அதே சர்வர்ல ஒரு விஎம்மா போடாதீங்க. படகு முழுகினா படகுல இருக்கிற விளக்கும் சேர்ந்துதான் முழுகும். தனியா ஒரு பழைய பிசி போதும். அதுல டெபியன், அதுக்குள்ள நாகியோஸ், பைத்தானோட ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி. கடைசி ரெண்டையும் டெபியனோட பேக்கேஜாவே போட்டுக்கலாம். ப்ளக்இன் ஃபைலை மத்த ப்ளக்இன் எல்லாம் இருக்கிற ஃபோல்டர்ல வச்சு, ஓட்டுறதுக்கு அனுமதி குடுங்க. கட்டளைகள் திரையில இருக்கு, நிறுத்திப் பாத்துக்குங்க.

(காட்சி: ப்ராக்ஸ்மாக்ஸ் வெப் பக்கம், டேட்டாசென்டர், பெர்மிஷன்ஸ்.)

அடுத்து ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம். போர்ட் 8006-ல வெப் பக்கத்தைத் திறந்து, கண்காணிப்புக்குன்னே ஒரு யூசர் உண்டாக்குங்க. எல்லா அதிகாரமும் இருக்கிற ரூட் யூசரோட பாஸ்வேர்டை ப்ளக்இன்கிட்ட குடுக்காதீங்க, வீட்டுச் சாவியை மீட்டர் பாக்க வர்றவர்கிட்ட குடுக்கிற கதை அது. ‘பிவிஇ ஆடிட்டர்’னு ஒரு ரோல் இருக்கு. பாக்கலாம், தொட முடியாது. அது போதும்.

அப்புறம் அந்த யூசருக்கு ஒரு ஏபிஐ டோக்கன், பாஸ்வேர்டுக்குப் பதிலா ப்ளக்இன் காட்டுற சீட்டு அது. டோக்கன் இல்லாம இங்க விசைப்படகும் நகராது, ப்ளக்இன்னும் நகராது. டோக்கனோட ரகசிய எழுத்து ஒரே ஒரு தடவைதான் திரையில வரும். மூடிட்டா போச்சு, வேற டோக்கன்தான் போடணும்.

இங்கதான் எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போச்சு. டோக்கன் உண்டாக்கும்போது ‘ப்ரிவிலேஜ் செபரேஷன்’னு ஒரு கட்டத்துல டிக் ஏற்கெனவே இருக்கும். அது இருந்தா, யூசருக்குக் குடுத்த ரோல் டோக்கனுக்குத் தானா வராது. டோக்கனுக்கும் தனியா ஒரு தடவை ரோல் குடுக்கணும். ரெண்டுக்கும் பொதுவா இருக்கிற அனுமதிதான் செல்லும். நான் யூசருக்கு மட்டும் குடுத்துட்டு, பதில் ஏன் காலியா வருதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன்.

(காட்சி: கருப்புத் திரை. ப்ளக்இன் ஒரு வரி பதில் தருகிறது.)

இப்போ கையால ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ரூட்டா இருந்து ஓட்டாதீங்க, நாகியோஸ்ங்கிற யூசரா மாறி ஓட்டுங்க. ரூட்டுல ஜோரா ஓடும், நாகியோஸ் கூப்பிட்டா 3 வரும். பாதி நேரம் காரணம் அனுமதி, மீதி நேரம் பைத்தான் லைப்ரரி ரூட்டுக்கு மட்டும் தெரியிற இடத்துல கிடக்கும். சான்றிதழ் சரியில்லைன்னு மறுத்தா, ப்ராக்ஸ்மாக்ஸ் தானே கையெழுத்துப் போட்ட சான்றிதழ் அது. சோதிக்காம விடுறதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு. ஒரே கட்டடத்துக்குள்ளன்னா நான் கண்ணை மூடிக்குவேன். இன்டர்நெட் வழியான்னா கூடாது.

பதில் சரியா வந்தா நாகியோஸ்ல எழுதிடலாம். டோக்கனை நேரா கட்டளையில எழுதாம, நாகியோஸ் ரகசியங்களை வைக்கிற ரிசோர்ஸ் ஃபைல்ல வைங்க. எழுதி முடிச்சதும் நாகியோஸை விட்டே கான்ஃபிக்கைச் சரிபாக்கச் சொல்லி, அப்புறம் ரீலோட். ஒரு தடவை தப்பு வந்த உடனே மெசேஜ் அனுப்ப விடாதீங்க. மூணு தடவை, ஒரு நிமிஷ இடைவெளியில பாத்துட்டு அனுப்பட்டும். இல்லைன்னா அப்டேட்டுக்கு ரீஸ்டார்ட் ஆகிற விஎம்முக்கெல்லாம் ராத்திரியில எழுந்திரிக்கணும்.

(காட்சி: ஐஸ் பார் அடுக்கு. அதன் மேல் ஒரு கட்டுச் சீட்டு.)

இப்போ அந்த விடியக்காலைக்கு வர்றேன். ப்ராக்ஸ்மாக்ஸ் வழக்கமா விஎம்களோட வட்டுகளை (டிஸ்க்) ஒரு தின் பூல்ல வைக்கும், எழுத எழுத மட்டும் இடம் குடுக்கிற பொது இடம் அது. கையில 80 ஐஸ் பார் வச்சுக்கிட்டு 120 பாருக்குச் சீட்டுக் குடுக்கிற மாதிரி. எல்லாரும் ஒரே நேரத்துல வராத வரைக்கும் யாருக்கும் தெரியாது. எங்க பூல் 800 ஜிபி, நாலு விஎம்முக்கும் சேத்து நான் குடுத்த வாக்கு 1,200 ஜிபி.

தடைக்காலம் தொடங்கும்போது, அப்டேட் போடுறதுக்கு முன்னாடி சிசிடிவி விஎம்முல ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன், அந்த நேரத்து நிலையை அப்படியே பிடிச்சு வைக்கிறது அது. அப்டேட் நல்லபடியா முடிஞ்சது. ஸ்னாப்ஷாட்டை அழிக்க மறந்துட்டேன். சிசிடிவி பழைய பதிவை அழிச்சு அதே இடத்துல மேலெழுதிக்கிட்டே இருக்கும், அதனால அது வீங்காதுன்னு எனக்கு நினைப்பு. ஆனா ஸ்னாப்ஷாட் இருந்தா பழைய பிளாக், அதாவது வட்டோட துண்டு, எதையும் விட முடியாது. ஒவ்வொரு பிளாக்கையும் முதல் தடவை மேலெழுதும்போது பூல்ல புது இடம் எடுக்கும். கம்பெனி பூட்டிக் கிடந்த 61 நாளும் கேமரா மட்டும் தூங்கல. படகு கரைக்கு வந்த நேரமா பாத்து பூல் நிரம்பிடுச்சு. பில்லு போடுற விஎம் வட்டுல எழுத இடமில்லாம நின்னுச்சு. ப்ராசஸ் உயிரோடதான் இருந்துச்சு, அதான் பச்சை.

ஸ்னாப்ஷாட்டை அழிச்சதும் இடம் வந்துச்சு. விஎம்மை மறுபடி எழுப்பி முதல் பில்லு போடும்போது ஆறு மணி தாண்டிடுச்சு.

(காட்சி: நாகியோஸ் பக்கம், ஸ்டோரேஜ் வரியில் மஞ்சள்.)

அதனால செக் பிவிஇல ஒரே ஒரு செக்தான் போட முடியும்னு சொன்னீங்கன்னா, ஸ்டோரேஜைப் போடுங்க. நான் 75 சதவீதத்துல மஞ்சள், 85-ல சிவப்பு வச்சிருக்கேன். விஎம் வட்டுக்கு ‘டிஸ்கார்டு’ டிக் போட்டு, உள்ள இருக்கிற சிஸ்டம்லயும் டிரிம், அதாவது காலியான இடத்தைத் திருப்பிக் குடுக்கிற வேலை, ஓட விடுங்க. இல்லைன்னா உள்ள ஃபைலை அழிச்சாலும் பூலுக்கு இடம் திரும்பாது. வட்டோட ஆரோக்கியம், பேக்கப் ரெண்டுக்கும் செக் இருக்கு, அதையும் போட்டுடுங்க. சிபியு செக் இருந்தா இருக்கட்டும். மெமரி செக்கை நம்பிப் பதறாதீங்க, உள்ள இருக்கிற சிஸ்டம் கேஷுக்கு (வேகத்துக்காகத் தற்காலிகமா) வச்சிருக்கிறதையும் வெளியில இருந்து பாத்தா செலவாவே தெரியலாம்.

இவ்வளவு போட்டாலும் இது வெளிய நின்னு பாக்குற கண்ணுதான். பில்லு சாஃப்ட்வேர் பதில் சொல்லுதான்னு கேக்க, அதோட போர்ட்டைத் தட்டிப் பாக்குற சாதாரண டிசிபி செக் ஒண்ணு தனியா வேணும். இப்போ கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு முன்னாடி எனக்கு மெசேஜ் வருது. தினமும் மூன்றரைக்கு ‘உயிரோட இருக்கேன்’னும் ஒரு மெசேஜ் வரும். அது வரலைன்னா காவல்காரனான நாகியோஸைத்தான் முதல்ல போய்ப் பாக்கணும்.

(காட்சி: போனில் மெசேஜ் வந்து நிற்கிறது.)

தடைக்காலத்துல அலாரத்தை எல்லாம் நிறுத்தி வைக்கலாமான்னு கம்பெனியில கேட்டாங்க. பில்லு செக்குக்கு டவுன்டைம், அதாவது அலாரம் வராத காலம், போட்டுட்டேன். ஸ்டோரேஜ் செக்கை மட்டும் தொடல. கேமரா ஓடுதுல்ல.